நன்னாரிப் பக்கத்தில் ஒரு வாக்கெடுப்பு

புதிதாக நிர்வாகிப் பொறுப்புக்கு வந்திருக்கும் உங்களுக்கு வாழ்த்துச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை. ஆழ்ந்த அனுதாபங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். “பழைய நிர்வாகிங்கிற முறையில நாலு வார்த்தை எழுதிக் குடுங்க தல, புதுசா வர்றவங்களுக்கு உற்சாகமா இருக்கும்” என்று பாரி கேட்டான். உற்சாகம் என்னிடம் தீர்ந்துபோய் வெகுநாள் ஆகிறது. மிச்சம் இருப்பதை எழுதுகிறேன்.

நம்முடையது காக்டெய்ல் பற்றிய தமிழ் விக்கி. யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து எழுதலாம், அடுத்தவர் எழுதியதைத் திருத்தலாம், அழிக்கலாம். சம்பளம் கிடையாது, மரியாதை கிடையாது, ஓசியில் ஒரு பெக் கூடக் கிடையாது. குடிக்க விரும்புகிறவர்கள் குடிக்கப் போய்விடுகிறார்கள். குடிப்பதைப் பற்றிச் சண்டை போட விரும்புகிறவர்கள்தான் நம்மிடம் வருகிறார்கள். எலுமிச்சையைப் பிழிந்துவிட்டுத் தோலைப் போடுவதா, தோலைப் போட்டுவிட்டுப் பிழிவதா என்ற தகராறில் பேச்சுவார்த்தை முறிந்துபோன இரண்டு பேர் நம்மிடம் இருக்கிறார்கள். இருவருமே மதுவைத் தொடாதவர்கள்.

நான் தி.நகரில் ஒரு ஹோட்டல் பாரில் கிளாஸ் துடைக்கச் சேர்ந்து மேலாளராக வெளியே வந்தவன். நின்று நின்று இடுப்பு போயிற்று, இடுப்போடு வேலையும் போயிற்று. மயிலாப்பூர் வீட்டில் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தவனுக்கு இந்த விக்கி அகப்பட்டது. “வீட்ல ஒரு பாட்டில் கெடையாது, ஊருக்கெல்லாம் ஊத்திக் குடுத்துக்கிட்டிருக்கீங்க” என்பாள் என் மனைவி. விக்கியில் நான் வைத்துக்கொண்ட பெயர் ‘ஐஸ்கட்டி’. எதற்கும் பதறாதவன் என்று நாலு பேர் நினைக்கட்டுமே என்ற நப்பாசை.

அந்த நினைப்பு நிர்வாகியான முதல் வாரத்திலேயே உருகி ஓடிவிட்டது. யாரோ ஒருவன், பெயர்கூடப் பதியாமல், எல்லாச் செய்முறைகளின் கடைசியிலும் ‘இதற்குப் பதில் மோர் குடிக்கலாம்’ என்று சேர்த்துக்கொண்டே போனான். நான் ஒன்றை நீக்கினால் அவன் இரண்டில் சேர்த்தான். வியர்த்து விறுவிறுத்து, அவன் எந்த இணைய முகவரியிலிருந்து வருகிறானோ அந்த முகவரியையே மொத்தமாகத் தடை செய்தேன். வெற்றிப் பெருமூச்சு விட்டு அடுத்த பக்கத்தைத் திருத்தப் போனால், ‘உங்களுக்கு அனுமதி இல்லை. நிர்வாகியைத் தொடர்புகொள்ளவும்’ என்று திரை சொல்கிறது. நிர்வாகி நான்தான். பாரிக்கு போன் போட்டேன். பாரி தரமணியில் மென்பொருள் வேலை பார்ப்பவன், எனக்கு முன்பே நிர்வாகியானவன். அவன் சிரித்து முடிக்கவே நேரம் பிடித்தது. “தல, உங்க வீட்டு வைஃபையத்தான் நீங்க தடை பண்ணியிருக்கீங்க. திருடன் உள்ள இருக்கான், நீங்க வெளிய நின்னு கதவ சாத்திட்டீங்க.” எட்டிப் பார்த்தேன். ஹாலில், லீவுக்கு வந்திருந்த என் மச்சினன் செல்போனும் கையுமாக, பரம சாதுவாக உட்கார்ந்திருந்தான்.

இதிலிருந்து கற்க வேண்டியது, கதவைச் சாத்துவதற்கு முன் யார் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். சிரிப்பாகச் சொல்லிவிட்டேன். இனிச் சொல்லப்போவதில் சிரிப்பதற்கு அதிகம் இல்லை.

நம் விக்கியில் ‘மது இல்லாதவை’ என்று ஒரு வகை உண்டு. குடிக்காதவர்களுக்கான பானங்கள். அந்த வகையில் ‘சாயங்கால நன்னாரி’ என்று ஒரு பக்கம். நன்னாரி சர்பத், எலுமிச்சை, பன்னீர் சோடா, மேலே நாலைந்து சொட்டு பிட்டர்ஸ். நல்ல பானம்தான். சிக்கல் அந்த பிட்டர்ஸில் இருக்கிறது. அது பட்டை, வேர், பழத்தோல் எல்லாவற்றையும் காட்டமான சாராயத்தில் ஊறப்போட்டு எடுக்கும் கசப்புச் சாறு. விஸ்கிக்குக் குறையாத காட்டம். ஆனால் பார் தொழிலில் யாரும் அதை மதுக் கணக்கில் சேர்ப்பதில்லை. எங்களுக்கு அது பெருங்காயம் மாதிரி. சொட்டு விடுவோம், மறந்துவிடுவோம். குடிக்காத வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் சோடாவில்கூட உலகம் முழுக்க பார்காரர்கள் விடுகிறார்கள். அந்தப் பழக்கம் அப்படியே நம் பக்கத்துக்கும் வந்து, வகை ‘மது இல்லாதவை’ என்று பெரிய எழுத்தில் உட்கார்ந்துவிட்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை அந்தப் பக்கத்தின் உரையாடல் பகுதியில் ‘ஜன்னலோரம்’ என்று பெயர் பதிந்துகொண்ட ஒரு பெண் எழுதியிருந்தார். விக்கியில் அவர் எழுதிய முதல் வரிகள் அவைதான்.

“வணக்கம். நான் புதியவள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் உறவுக்காரர்கள் எல்லோரும் கூடுகிறோம். என் அண்ணன் குடியை நிறுத்தி ஒரு வருடம் ஆகிறது. விசேஷங்களில் எல்லார் கையிலும் நல்ல கிளாஸ் இருக்க, அண்ணன் மட்டும் குழந்தைகளோடு நின்று பேப்பர் கப்பில் ஜூஸ் குடிக்கிறார். அவருக்கு அழகாக ஒன்று கலந்து கொடுக்க ஆசை. இந்தப் பானம் மது இல்லாதது என்று போட்டிருக்கிறது. இதில் வரும் பிட்டர்ஸ் என்பது என்ன? அண்ணன் குடியை நிறுத்துவதற்கான மாத்திரை சாப்பிடுகிறார். தினமும் காலையில் நான்தான் எடுத்துக் கொடுப்பேன். ஒன்றும் ஆகாதே?”

அந்த மாத்திரை எப்படிப்பட்டது என்பது பாரில் நின்றவர்களுக்குத் தெரியும். அதைச் சாப்பிடுகிறவர் மதுவைக் கொஞ்சம் தொட்டாலும் உடம்பு தாங்காது. முகம் ரத்தமாகச் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும், வாந்தி வரும். பயந்தாவது நிறுத்தட்டும் என்றுதான் கொடுக்கிறார்கள்.

‘கொடுக்காதீர்கள் அம்மா’ என்ற இரண்டே வார்த்தையில் முடிய வேண்டிய விஷயம். நடந்தது என்ன தெரியுமா? முதல் பதில் சில நிமிடங்களிலேயே வந்துவிட்டது. நம்முடைய வரவேற்பு வாசகம், பூப்படத்தோடு. கீழே, ‘உரையாடல் பக்கத்தில் எழுதும்போது இறுதியில் கையொப்பம் இடவும்’ என்று ஒரு நினைவூட்டல். இரண்டாவது பதிலை வேம்பு எழுதியிருந்தார். வேம்பு அடையாறில் இருக்கிறார், கல்லூரியில் வேதியியல் பேராசிரியை, நம் விக்கியிலேயே மூளை அதிகம் உள்ளவர். ‘நல்ல கேள்வி. பிட்டர்ஸ் சேர்த்த பானங்களை மது இல்லாதவை வகையில் வைத்திருப்பதே தவறு. இதை விவாதிக்க வேண்டும்’ என்றார். மூன்றாவதாக ஒருவர், ‘ரசத்தில் பெருங்காயம் போட்டால் அது பெருங்காயக் குழம்பு ஆகிவிடுமா?’ என்று கேட்டார். போதாதா? ஆதரவு, எதிர்ப்பு, நடுநிலை என்று ஆட்கள் வரிசையில் வந்துவிட்டார்கள். ஒருவர் வகையை மாற்றினார், இன்னொருவர் திருப்பி மாற்றினார். யாரும் திருத்த முடியாதபடி பாரி பக்கத்தைப் பூட்டினான். பூட்டும்போது அதில் என்ன இருந்ததோ அது அப்படியே நின்றது. அதாவது, ‘மது இல்லாதவை.’ விவாதம் பெரிதாகிவிட்டது என்று அந்தப் பெண்ணின் கேள்வியையும் பெயர்த்து, விக்கியின் விதிகளை விவாதிக்கும் கொள்கைப் பக்கத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஒழுங்காக இருக்க வேண்டுமாம்.

அவர் என்ன கேட்டார் என்பது அத்தனை பேருக்கும் தெரியும். பதில் சொல்லத்தான் ஒருவருக்கும் தோன்றவில்லை. கெட்டவர்கள் கிடையாது. ஒரு ஆள் வந்து கேட்டதை ஒரு தலைப்பாக மாற்றிவிடும் பழக்கம் நம்மைப் போன்றவர்களுக்கு ரத்தத்தில் ஊறிவிட்டது. வேறு எந்தத் தொழிலிலும் இப்படி நடக்காது. மருந்துக் கடையில் போய்க் கேட்டால் உண்டு, இல்லை என்று சொல்வார்கள். கடைக்காரர் கூட்டம் போட மாட்டார்.

அந்த வாரம் முழுக்க நான் திருநெல்வேலியில் ஒரு கல்யாணத்தில் இருந்தேன். சனிக்கிழமை காலை வீட்டில் காபியோடு கணினியைத் திறந்தால், கொள்கைப் பக்கம் அனுமார் வால் போல நீண்டு கிடக்கிறது. ரசித்துப் படித்தேன், பொய் சொல்வானேன். நல்ல நல்ல நையாண்டிகள். இத்தனையும் எங்கே ஆரம்பித்தது என்று மேலே மேலே தள்ளிக்கொண்டு போனேன். உச்சியில் அந்தக் கேள்வி.

காபி டம்ளர் எங்கே விழுந்தது என்று இப்போதும் எனக்குத் தெரியாது. சத்தம் கேட்டு மனைவி வந்தாள்.

“என்ன ஆச்சு? யாரு செத்தா?”

“இன்னும் யாரும் சாகல.”

“பின்ன எதுக்கு இந்த ஆட்டம்? வேட்டிய பாருங்க, வேட்டிய.”

அந்தப் பெண்ணுக்கென்று விக்கியில் இருக்கும் பேச்சுப் பக்கத்தில் உடனே எழுதினேன். ‘பிட்டர்ஸில் மது இருக்கிறது. உங்கள் அண்ணனுக்குத் தயவுசெய்து கொடுக்காதீர்கள்.’ அவசரத்தில் இதில் மூன்று எழுத்துப் பிழை. ஆனால் செவ்வாய்க்குப் பிறகு அவர் தன் பெயரில் உள்ளே வந்ததற்கான அடையாளமே இல்லை. மின்னஞ்சலும் கொடுத்திருக்கவில்லை. பெயரில் நுழையாமல் வெறும் வாசகராக வந்து பார்த்தால் இந்தச் செய்தி கண்ணில் படாது. நன்னாரிப் பக்கம் மட்டும்தான் படும். அதில் ‘மது இல்லாதவை.’

பூட்டை மீறி மாற்றும் அதிகாரம் நிர்வாகிக்கு உண்டு. மாற்றக்கூடாது என்பது விதி. பூட்டிய பக்கத்தில் நிர்வாகி கை வைத்தால் மற்றவர்கள் எதற்கு இருக்கிறார்கள்? நியாயமான விதிதான். இதை மீறிய ஒருவரை முந்தைய மாதம்தான் பொறுப்பிலிருந்து இறக்கியிருந்தோம். ஆகவே ஐஸ்கட்டி என்ன செய்தது? விசையை அழுத்தாமல் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடியது. அன்று நம் ஆட்கள் தி.நகரில் ஒரு காபிக் கடையில் கூடும் நாள். காக்டெய்ல் பற்றிப் பேசுகிறவர்கள் காபிக் கடையில் கூடுவதேன் என்று கேட்காதீர்கள். பாரில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது.

ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு வண்டியை விரட்டினார்.

“இன்னா சார், மூஞ்சி இப்டி வெளிறிப் போயி கீது? எந்த ஆஸ்பத்திரி?”

“ஆஸ்பத்திரி இல்லப்பா. காபி குடிக்கப் போறேன்.”

“காபிக்கா?” என்று வேகத்தைக் குறைத்தார். “நான் ஒரு சிக்னல தாண்டிக்கினு வந்துட்டேன் சார் உன்னால.”

கடையில் பாரியும் வேம்புவும் இன்னும் இரண்டு மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் மூச்சு வாங்க விஷயத்தைக் கொட்டினேன்.

“தல, மொதல்ல உக்காருங்க” என்றான் பாரி. “இன்னொரு காபி சொல்லுங்கப்பா, இவருக்கு சக்கரை தூக்கலா.”

“சக்கரை கிடக்கட்டும். அந்தப் பக்கத்த இப்பவே மாத்தணும்.”

“நான் செவ்வாய்க்கிழமைலேர்ந்து அதைத்தானே சொல்றேன்?” என்றார் வேம்பு. “பரவால்ல சார், லேட்டானாலும் எங்க பக்கம் வந்துட்டீங்க.”

“பக்கம் கிக்கமெல்லாம் இல்லம்மா. அங்க ஒரு ஆளு இருக்காரு. நாளைக்கு மத்தியானம் அத குடிக்கப் போறாரு.”

“புரியுது தல” என்றான் பாரி. அவனுக்குப் புரிந்துதான் இருந்தது, முகத்தில் தெரிந்தது. “ஆனா பூட்டின பக்கத்துல நீங்க கை வெச்சா, எதிர்க்கறவங்க சும்மா இருப்பாங்களா? நம்ம மேல இருக்கற நம்பிக்கையே போயிடும். போன மாசம் ஒருத்தர இதுக்குத்தானே இறக்கினோம்? தீர்மானத்த எழுதினதே நீங்க.”

“அதோட, மாத்திரையப் பத்தி எழுதணும்னா மருத்துவ ஆதாரம் வேணும் சார்” என்றார் வேம்பு. “நம்ம விக்கி மருத்துவ ஆலோசனை சொல்லாதுன்னு கொள்கை இருக்கு.”

“இப்ப சொல்லிக்கிட்டுதானே இருக்கு! மது இல்லன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கே!”

“அது வகைப்பாடு. ஆலோசனை இல்ல.”

இப்படிப் பேசும்போது கேட்கிற எல்லோருக்கும் நியாயமாகத்தான் படும். எனக்கும் பட்டது. அதுதான் இதில் உள்ள பயங்கரம். வாதத்துக்கு வாதம் பதில் சொல்லச் சொல்ல என் பதற்றம் இறங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் ஒரு சமரசம் ஆயிற்று. பக்கத்தின் உச்சியில் ஒரு மஞ்சள் பெட்டி போடுவது. பூட்டிய பக்கமானாலும் நிர்வாகி பெட்டி போட யார் அனுமதியும் தேவையில்லை. ‘இப்பக்கத்தின் வகைப்பாடு பற்றிய உரையாடல் நடைபெறுகிறது. பார்வையிட்டுப் பங்கேற்க இங்கே அழுத்தவும்.’ பாரி அங்கேயே செல்போனில் போட்டுவிட்டான். எல்லோருக்கும் நிம்மதி. வடை சொன்னார்கள். நானும் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்தப் பெண்ணின் பெயரைத் தேடித் தேடிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் இல்லை. சரி, பார்த்திருப்பார், புரிந்துகொண்டிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திங்கட்கிழமை அவர் எழுதியிருந்தார்.

“வணக்கம். கடவுச்சொல் மறந்துபோனதால் இத்தனை நாள் உள்ளே வர முடியவில்லை. ஞாயிறு காலை பெயரில் நுழையாமலே பக்கத்தைப் பார்த்தேன். மேலே மஞ்சள் பெட்டி இருந்தது. அதை அழுத்தினேன். நான் கேட்ட கேள்விக்குக் கீழே நீங்கள் எல்லோரும் நிறைய எழுதியிருந்தீர்கள். எனக்குப் பாதி புரியவில்லை. மது என்று சொன்னவர்களையும் மது அல்ல என்று சொன்னவர்களையும் எண்ணிப் பார்த்தேன். அல்ல என்று சொன்னவர்கள்தான் அதிகம் இருந்தீர்கள். அதனால் கலந்து கொடுத்தேன். ஒரு ஜக்குக்குக் கலந்ததால் பிட்டர்ஸ் கொஞ்சம் கூடவே விட்டேன். பாட்டிலைக் கடையில் சிரப் வைக்கும் தட்டிலிருந்துதான் எடுத்தேன், அதில் என்னென்ன இருக்கிறது என்ற எழுத்துகளின் மேல் விலை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அண்ணன் பாதி கிளாஸ் குடித்தார். ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரியில் இருந்தோம். இப்போது உடம்பு பரவாயில்லை. ஆனால் நான் வேண்டுமென்றே மது கலந்து அவரைச் சோதித்துப் பார்த்தேன் என்று நினைக்கிறார். சொந்தக்காரர்கள் முன்னால் நடந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் எப்படி இருந்ததோ அப்படியே எனக்குக் கிடைக்குமா? அவரிடம் காட்ட வேண்டும்.”

கீழே முறைப்படி கையொப்பம் இட்டிருந்தார்.

நான் யாரையும் கேட்கவில்லை. பூட்டை மீறி உள்ளே போனேன், வகையை நீக்கினேன், ‘பிட்டர்ஸில் மது உண்டு, மது அறவே கூடாதவர்களுக்குக் கொடுக்க வேண்டாம்’ என்று முதல் வரியாக எழுதினேன். கலகம் வரும், என்னை இறக்குவார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. சனிக்கிழமை செய்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் பயந்த அந்த எதிர்ப்பு ஒரு காபி மேஜையைச் சுற்றி மட்டும்தான் இருந்திருக்கிறது. புதிதாக வந்தவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். ஒருவர் உடம்புக்கு ஆபத்து என்று தெரிந்தால் முதலில் கையை வையுங்கள். விசாரணை எல்லாம் பிறகு உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம். பதவி போனால் போகட்டும், சம்பளமில்லாத பதவிதானே.

விக்கியில் எந்தப் பக்கமும் எந்த நாளில் எப்படி இருந்தது என்பது அழியாமல் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தின் இணைப்பை எடுத்து, என் தொலைபேசி எண்ணையும் சேர்த்து அவருக்கு அனுப்பினேன். ஏதோ ஒரு நல்லது செய்துவிட்ட திருப்தி. சாயங்காலம் போன் வந்தது.

“சார், அண்ணன்கிட்ட காட்டினேன் சார். மது இல்லன்னு போட்டிருந்தத படிச்சாரு. நம்பற மாதிரிதான் இருந்துச்சு” என்றார். “அப்புறம் மேல ஓரத்துல இருந்த என் பேர அழுத்திட்டாரு சார். அங்க சனிக்கிழமை தேதி போட்டு, குடுக்காதீங்கன்னு நீங்க எழுதினது இருக்கு. சனிக்கிழமையே உனக்கு சொல்லிட்டாங்க, தெரிஞ்சேதான் குடுத்திருக்கேன்னு சொல்றாரு. நான் பாக்கவே இல்ல சார். இன்னிக்குக் காலைலதான் பாத்தேன்.”

நான் சரியாகச் செய்த ஒரே காரியம் அது. பாரியிடம் சொன்னேன். விதியின் பாதுகாவலனே, “முன்னாடியே அழிச்சிருக்கலாம் தல. இப்பவாவது அழிச்சிடுங்க, நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்” என்றான். பார்த்தவர் பார்த்தாகிவிட்டது. இனி அழித்தால், நானும் அந்தப் பெண்ணும் சேர்ந்து மறைக்கிறோம் என்றுதான் ஆகும். “நான் நேர்ல வந்து சொல்றேம்மா” என்று அவரிடம் சொன்னேன்.

மறுநாள் காலை போனேன். கோட்டூர்புரத்தில், ஆற்றை ஒட்டிய குடியிருப்பில், முதல் மாடி. வழி முழுக்க என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தேன். நடுவில் ஒரு நகைச்சுவைகூடத் தயாராக வைத்திருந்தேன். பார் மேலாளராக இருந்தவனுக்கு அது பழக்கம், கோபமாக இருக்கிறவரை முதலில் சிரிக்க வைத்துவிட வேண்டும்.

அண்ணன் ஏசி மெக்கானிக். என்னைவிட இரண்டு மூன்று வயது குறைவாக இருக்கும். முகம் இன்னும் வீங்கியிருந்தது. தங்கை சமையலறை வாசலில் நின்றார்.

“வாங்க, உக்காருங்க. நீங்கதான் அந்த விக்கியா?”

“அதுல ஒருத்தன்.”

எல்லாவற்றையும் சொன்னேன். பக்கத்தில் தப்பாகப் போட்டிருந்தது என்று சொன்னேன். நான் எச்சரித்து எழுதியது, பெயரில் உள்ளே வந்தால் மட்டுமே தெரியும் ஒரு மூலையில் என்று, செல்போனில் திறந்தே காட்டினேன். குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார்.

“சனிக்கிழமையே உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும்.”

“அப்ப அந்த நன்னாரி பக்கத்துலயே எழுதியிருக்கலாமே?”

“அது பூட்டியிருந்தது.”

“யாரு பூட்டினது?”

“நாங்கதான்.”

“சாவி?”

“எங்கிட்டயும் இருந்தது.”

நானாகவே தொடர்ந்தேன். “எல்லாரும் ஒத்துக்கிட்டாதான் மாத்தறதுன்னு ஒரு முறை. விவாதம் நடந்துக்கிட்டிருந்தது. ஓட்டு மாதிரி. ஓட்டு இல்ல, ஆனா…”

“நான் அத குடிக்கலாமா வேணாமான்னு ஓட்டு போட்டிருக்கீங்க.”

நான் செல்போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டேன்.

“யாரு ஜெயிச்சா?” என்றார். கோபமே இல்லாமல், கிரிக்கெட் ஸ்கோர் கேட்பது போல.

தயாராக வைத்திருந்த நகைச்சுவை எங்கே போயிற்றென்று தெரியவில்லை. தங்கை உள்ளே போய், ஒரு தட்டில் இரண்டு டம்ளர் தண்ணீரும், ஓரத்தில் ஒரு மாத்திரையும் கொண்டுவந்து வைத்தார். நான் ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டேன்.

“அண்ணே, சார் சொன்னாரில்ல?”

“கேட்டேம்மா.” அவர் தங்கையை நிமிர்ந்து பார்த்தார். “நீ தெரிஞ்சு பண்ணல. இப்ப தெரியுது.”

“அப்ப மாத்திரைய போடுண்ணே. ரெண்டு நாளாச்சு.”

அவர் டம்ளரை நோக்கிக் கையை நீட்டினார். பாதி வழியில் கை நின்றது. அவர் நிறுத்தியதாகத் தோன்றவில்லை, அதுவாகவே நின்றது. எழுந்து சமையலறைக்குள் போனார். தண்ணீர் கேனின் குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது. தானே பிடித்து நின்றபடியே குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

“நாளைக்குப் பாக்கலாம்மா” என்றார்.

மாத்திரை தட்டிலேயே இருந்தது.